முடிச்சு சிவக்காத மூலை: உப்பையும் வறட்சியையும் தாங்கும் பயறு ஏன் இன்னும் வயலுக்கு வரவில்லை?

உளுந்துச் செடியை வேரோடு பார்க்க வேண்டுமென்றால் இழுத்துப் பிடுங்கக்கூடாது. நாலு விரல் தள்ளி மண்வெட்டியால் கொத்தி, மண்ணோடு தூக்கி, வாய்க்கால் தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும். அப்போதுதான் கடுகும் மிளகும் ஒட்டிக் கிடப்பதுபோல வேரில் முடிச்சுகள் தெரியும். ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்தால் உள்ளே இரத்தச் சிவப்பு.

போன வருடம் பங்குனியில் கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிக் காயலுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற ஒரு வயலில் இப்படி இரண்டு செடிகளை அலசிப் பார்த்தேன். மேட்டு மூலைச் செடியில் முடிச்சுகள் நிறைய, பிளந்தால் நல்ல சிவப்பு. காயல் பக்கத்து மூலைச் செடியில் தேடினால் ஐந்தாறு முடிச்சுதான். உள்ளே வெளிறிப்போய், ஒன்றிரண்டு பச்சையாகவே இருந்தன. ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு. இரண்டுக்கும் நடுவே அறுபது காலடி இருந்தால் அதிகம்.

“அந்த மூலைக்கு உப்பு வெள்ளம் ஏறும் மக்ளே” என்றார் வயல்காரப் பாட்டா. “நெல்லு எப்பிடியாவது பிழைச்சுக்கிடும். பயறு தாங்காது, பாத்துக்க.”

வறட்சியைத் தாங்கும் மரபணு, உப்பைத் தாங்கும் மரபணு கண்டுபிடித்தாயிற்று என்ற செய்தியை இருபத்தைந்து வருடங்களாகப் படிக்கிறோம். அதில் பெரும்பாலும் பொய் கிடையாது. ஆய்வகத்தில் உப்புத் தண்ணீர் குடித்தும் வாடாத உளுந்து இருக்கிறது, சிறுபயறு இருக்கிறது, நிலக்கடலை இருக்கிறது. அப்புறம் ஏன் அது பாட்டாவின் மூலைக்கு வரவில்லை? அரசாங்கம், கம்பெனி, நீதிமன்றம் என்று காரணம் சொல்லலாம், அதற்கும் வருகிறேன். ஆனால் முதல் காரணம் அந்த வெளிறிய முடிச்சுக்குள் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

குமரியில் உப்பா?

வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். இரண்டு பருவமழையும் தொடுகிற மாவட்டம், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சானல், குளம் என்று தண்ணீருக்குக் குறைவில்லாத ஊர் என்றுதான் பேர். ஆனால் பழையாறு மணக்குடியில் கடலைச் சேரும் இடத்தில் கோடை வந்தால் ஆறு மெலியும், கடல் உள்ளே வரும். பக்கத்தில் புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களைப் பார்த்தாலே அந்த மண்ணின் குணம் புரிந்துவிடும். மேற்கே குழித்துறைத் தாமிரபரணியிலும் இதே கதை. தேங்காய்ப்பட்டணத்துக் கடல்நீர் ஆற்றில் ஏறிவிடாமலிருக்கத்தான் பரக்காணியில் தடுப்பணை கட்டினார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி கொளச்சலிலும் மணக்குடியிலும் உயிர்களைக் கொண்டுபோனது; போகும்போது கரையோர மண்ணில் உப்பை விட்டுப்போனது.

வறட்சி கிழக்கே. ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்க நெருங்க நிலத்தின் பச்சை மாறும். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். காணம் (கொள்ளு) போன்ற பயறுகளுக்கு அந்த மாதிரி நிலம் புதிதல்ல.

நாஞ்சில் நாட்டு வயலில் வறட்சியும் உப்பும் தனித்தனி எதிரிகளும் அல்ல. இங்கே நெல் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம்: கன்னிப்பூ, கும்பப்பூ. அறுக்கிற மாதத்தின் பெயர்தான் பூவுக்கு. கன்னி நமக்குப் புரட்டாசி, கும்பம் மாசி. கும்பப்பூ அறுத்தபின் அடுத்த நடவு வரைக்கும் வயல் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில்தான் உளுந்தும் சிறுபயறும். நெல் நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில் விதையைத் தூவிவிடுவார்கள். காலை வைத்தால் தடம் பதிய வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது, அந்தப் பதம். பிறகு பாய்ச்சல் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் பனியையும் வைத்துக்கொண்டு எழுபது நாளில் காய்த்துவிட வேண்டும்.

மண் காயக் காய நீர் போகும், உப்பு போகாது. நூறு குடத்தில் கரைந்திருந்த உப்பு ஐம்பது குடத்தில் நிற்கும். அடியிலிருக்கும் உப்பும் ஈரத்தோடு மேலேறி, வரப்போரம் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். கும்பப்பூ நெல்லுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை உப்பைக் கழுவிக் கொடுத்தது. பயறுக்கு அப்படி யாரும் கழுவிக் கொடுப்பதில்லை. செடி பூக்கிற நேரத்தில் தாகமும் உப்பும் சேர்ந்தே வருகின்றன.

உப்பு செடியை என்ன செய்கிறது?

மாங்காயைக் கீறி உப்புப் போட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விடுகிறதே, முதல் கேடு அதுதான். உப்பு வெளியே அதிகமானால் வேரால் நீரை இழுக்க முடியாது. மண்ணைக் கையில் பிசைந்தால் ஈரம் இருக்கும், செடிக்கு மட்டும் தாகம். இது வறட்சியின் இன்னொரு வேஷம். இரண்டாவது கேடு மெதுவானது. சோடியம் செடிக்குள் புகுந்து, பொட்டாசியம் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். பொட்டாசியத்தை நம்பி ஓடுகிற நொதிகள் நின்றுபோகும். முதலில் முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகும்.

எந்தப் பயிர் எவ்வளவு தாங்கும் என்பதற்கு உலக உணவு, வேளாண் அமைப்பு பயன்படுத்துகிற அட்டவணை ஒன்று உண்டு. மண்ணின் நிறைநீர்க் கரைசல் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்ற அளவு அது. பார்லி 8 வரை விளைச்சல் குறையாமல் தாங்கும். நெல் 3. நிலக்கடலை 3.2. பாசிப்பயறு, அதாவது நம் சிறுபயறு, 1.8. பீன்ஸ் வெறும் 1. இந்த எல்லையைத் தாண்டி ஒவ்வொரு அலகு ஏறும்போதும் சிறுபயறு தன் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். கடல்நீர் ஏறக்குறைய 50. பெரும்பயறு, அதாவது தட்டைப்பயறு மட்டும் இந்தக் குடும்பத்தில் கொஞ்சம் கெட்டி, 4.9. பாட்டா சொன்னது சரிதான்.

ஒரு எச்சரிக்கை: மண் பரிசோதனைச் சீட்டில் இருக்கும் எண்ணை இந்த அட்டவணையோடு அப்படியே ஒப்பிடக்கூடாது. நம் சோதனைக்கூடங்களில் மண்ணோடு இரண்டு மடங்குக்கு மேல் நீர் கலந்து அளப்பது வழக்கம். எண் குறைவாகத்தான் காட்டும். சீட்டில் ஒன்றுக்குக் கீழே இருக்கிறதே என்று நிம்மதியாகப் போய் உளுந்து தூவியவர்களைத் தெரியும்.

வாசலில் தடுப்பது, பத்தாயத்தில் பூட்டுவது

உப்பைச் சமாளிக்க இயற்கையில் செடிகளுக்குச் சில வழிகள் உண்டு. வந்த சோடியத்தை வேர் வழியாகத் திருப்பி வெளியே தள்ளுவது ஒன்று. தண்டில் ஏறும் சாற்றிலிருந்து அதை வடித்து, இலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது, செல்லுக்குள் இருக்கும் பெரிய நுண்குமிழில் போட்டுப் பூட்டிவிடுவது. பழைய வீடுகளில் நெல்லைப் பத்தாயத்தில் அடைத்த மாதிரி, உப்பை அங்கே அடைத்தால் வீட்டுக்குள் நடமாட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை.

பத்தாயக் கதவைத் திறந்து சோடியத்தை உள்ளே தள்ளுகிற புரதத்துக்கு என்.எச்.எக்ஸ்.1 என்று பேர். 1999ல் எட்வர்டோ புளும்வால்டின் குழு, அராபிடாப்சிஸ் என்ற சின்னக் கடுகினச் செடியில் இந்த மரபணுவை அதிகமாக வேலைசெய்ய வைத்தது, செடி உப்பைத் தாங்கியது. 2001ல் அதைத் தக்காளிக்குக் கொடுத்தார்கள். கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இருக்கிற நீரில் அந்தத் தக்காளி காய்த்தது. உப்பு இலையில் தங்கியது, பழத்தில் ஏறவில்லை. உலகமே திரும்பிப் பார்த்த ஆய்வு. அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் புரதத்தின் அன்றாட வேலை சோடியத்தைவிடப் பொட்டாசியத்தைக் கையாள்வதும் குமிழின் புளிப்பைச் சரிபார்ப்பதும் என்று. மரபணுக்கள் நாம் வைத்த பேருக்குத் தகுந்தபடி நடந்துகொள்ளக் கடமைப்பட்டவை அல்ல.

அதே மரபணு சிறுபயறுக்கும் வந்தது; குவாஹாத்தி ஐ.ஐ.டி.யில் செய்தார்கள். உளுந்தில் வேறு வழி. உப்பு அழுத்தத்தில் செடிக்குள் மீத்தைல்கிளையாக்சால் என்ற நச்சு சேரும். அதைக் கழுவி அகற்றும் நொதியின் மரபணுவை உளுந்துக்குள் செலுத்தி, அது உப்பைக் கூடுதலாகத் தாங்குவதை ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2008ல் காட்டினார்கள். சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்திலிருந்து மரபணு எடுத்தது, ஆனால் அதைக் கொடுத்தது நெல்லுக்கு.

நெல்லுக்குத்தான் எப்போதும் முதலில் கொடுப்பார்கள். பயறினங்களில் வேலை கடினம் என்பதும் ஒரு காரணம். மரபணுவைச் செலுத்துவதற்கு அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாதான் வண்டி; அதன் பிழைப்பே செடிகளுக்குள் தன் மரபணுவைத் தள்ளுவது. அது செலுத்திய ஒற்றைச் செல்லிலிருந்து முழுச் செடியை வளர்த்தெடுக்க வேண்டும். புகையிலை, நெல் எல்லாம் இதற்கு ஒத்துழைக்கும். உளுந்து ஒத்துழைக்காது. நூற்றுக்கணக்கான துண்டுகளைக் குப்பியில் வைத்துக் காத்திருந்தால் ஒன்றிரண்டு தேறும்.

ஒரு பயறின் மரபணு ஊர் சுற்றி வந்த கதை

வறட்சிப் பக்கம் இதைவிடச் சுவாரசியமான கதை ஒன்று இருக்கிறது. ராஜஸ்தானின் மணலில் மோட் என்று ஒரு பயறு விளைகிறது. உளுந்துக்கும் சிறுபயறுக்கும் பங்காளி. தாகமெடுத்தால் செல்லுக்குள் புரோலின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்துக்கொண்டு நீரைப் பிடித்து வைப்பது பல செடிகளின் வழக்கம். அந்தப் புரோலினைச் செய்கிற மரபணுவை மோட் பயறிலிருந்துதான் 1992ல் பிரித்தெடுத்தார்கள். 1995ல் புகையிலைக்குக் கொடுத்தார்கள். புகையிலை வறட்சியைத் தாங்கியது. அதிலிருந்து எத்தனையோ பயிர்களுக்கு அது போனது. ஹைதராபாத் அருகே பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனம் அதன் திருத்திய வடிவத்தைக் கொண்டைக்கடலையில் செலுத்தி 2009ல் முடிவைச் சொன்னது. புரோலின் எகிறியது. ஆனால் குடித்த தண்ணீருக்கு எவ்வளவு உடல் வளர்த்தது என்று கணக்குப் பார்த்தால் முன்னேற்றம் கொஞ்சம்தான். விளைச்சலைத் தீர்மானிக்கிற விஷயங்களில் புரோலினுக்குப் பெரிய பங்கில்லை என்று அவர்களே எழுதினார்கள். செலவழித்துச் செய்த வேலையைப் பற்றி இப்படி நேர்மையாக எழுதுகிறவர்கள் குறைவு, அதனாலேயே எனக்கு அந்த ஆய்வுமேல் மரியாதை.

ஒரு பொருளைக் கூட்டுவதைவிட மேலாளரையே மாற்றினால்? வறட்சி வந்தால் பல மரபணுக்களை ஒரே நேரத்தில் எழுப்பிவிடுகிற மரபணுக்கள் உண்டு. ஜப்பானில் ஷினோசாகி தம்பதியர் கண்டறிந்த டி.ஆர்.இ.பி. வகை அப்படி. முதலில் அதை எப்போதும் ஓடும்படி வைத்தார்கள். செடி வறட்சியைத் தாங்கியது, ஆனால் குட்டையாகிப் போனது. வீட்டில் மோட்டாரை இரவும் பகலும் ஓடவிட்டால் தொட்டி நிறையும், கரண்ட் பில்லும் நிறையும். பிறகு தொட்டி வற்றினால் மட்டும் ஓடுகிற ஸ்விட்ச் மாதிரி, தாகம் வந்தால் மட்டும் விழிக்கும் முன்னோடித் துண்டு ஒன்றை அதோடு இணைத்தார்கள். 1999ல் இது வெற்றி. இக்ரிசாட் இதை ஜே.எல். 24 என்ற நிலக்கடலை ரகத்தில் செய்து பார்த்தது. சில வரிசைகள் குறைந்த நீரில் கூடுதல் வளர்ந்தன, வேரும் ஆழம் போனது, வயலில் வறட்சி காட்டியபோது மகசூலும் கூடியது. என் கணக்கில் நம் நாட்டுப் பயறின முயற்சிகளில் நம்பிக்கைக்கு மிகவும் தகுதியானது இதுதான்.

உழவர் கைக்குப் போன ஒன்றும் இருக்கிறது, ஆனால் அர்ஜென்டினாவில். சூரியகாந்தியிலிருந்து எச்.பி.4 என்ற மரபணுவை எடுத்து, ராகேல் சான் குழுவினர் சோயாவிலும் கோதுமையிலும் செலுத்தினார்கள். அது செய்வது வேறு மாதிரி. நீர் குறைந்தால் பெரும்பாலான செடிகள் அவசரமாக மூப்படையும். இலை பழுக்கும், கதை முடியும். பழுக்க வைப்பது எத்திலீன் என்ற வாயு. நேந்திரன் குலையைக் குழியில் இறக்கிப் புகை போடுகிறோமே, அங்கே வேலை செய்வதும் அதுதான். எச்.பி.4 இருந்தால் செடிக்கு அந்த வாயுவின் சத்தம் சரியாகக் கேட்காது. வறட்சியிலும் பச்சையாக நின்று வேலையைத் தொடரும். அர்ஜென்டினா 2015லேயே எச்.பி.4 சோயாவுக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் சோயாவைப் பெருமளவில் வாங்குகிற சீனா சம்மதிக்க 2022 ஆனது. அதுவரை விதை சந்தைக்கு வரவில்லை.

இனி அந்த முடிச்சு

மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலும் பார்க்கப்பட்டது செடி. ஆனால் பயறு தனி ஆள் அல்ல. வேர் முடிச்சுக்குள் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. அது காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்துக் கொடுக்கும், செடி சர்க்கரை கொடுக்கும். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது, பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் செடி முடிச்சுக்குள் லெக்ஹீமோகுளோபினைச் செய்து வைக்கிறது. நம் இரத்தத்திலிருக்கும் ஹீமோகுளோபினின் உறவு. ஆக்சிஜனைப் பிடித்து, அளந்து அளந்து கொடுக்கும். அந்தச் சிவப்பு இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெளிறியிருந்தால் இன்னும் தொடங்கவில்லை அல்லது கைவிட்டது, பச்சையானால் கதை முடிந்தது.

வருமானம் குறைந்த வீட்டில் முதலில் நிறுத்துவது பத்திரிகையை, அப்புறம் கேபிளை. பயறு முதலில் நிறுத்துவது முடிச்சை. மண் காயத் தொடங்கியதும் இலை வாடுவதற்கு முன்பே நைட்ரஜன் பிடிப்பு குறைந்துவிடுகிறது என்பதைச் சோயாவில் பலமுறை அளந்திருக்கிறார்கள். முடிச்சின் புறத்தோல் இறுகும், ஆக்சிஜன் உள்ளே போவது குறையும், சர்க்கரை வரத்தும் குறையும். உப்பில் இன்னும் முன்னாலேயே தடங்கல்: வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை உள்ளே அழைக்கிற அந்தத் தொடக்கமே நடப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால் ரைசோபியம் தனியாக நல்ல உப்பைத் தாங்கும். பல வகைகள் செடி செத்துப்போகிற உப்பிலும் சாதாரணமாகப் பெருகும். வீட்டுக்காரர்தான் முதலில் கதவைச் சாத்துகிறார்.

இப்போது ஆய்வகத் தொட்டியை நினைத்துப் பாருங்கள். மாற்றிய செடியையும் மாற்றாததையும் பக்கத்தில் வைத்து, உரக் கரைசல் ஊற்றி, உப்பு நீரை ஒரேயடியாகக் கொடுத்து இரண்டு மூன்று வாரம் பார்க்கிறார்கள். கரைசலில் நைட்ரேட் இருக்கிறது. நைட்ரேட் கையில் இருந்தால் முடிச்சு இல்லாத குறை செடிக்குத் தெரியாது. மாற்றிய செடி பச்சையாக நிற்கும், படம் எடுப்பார்கள். அதே செடி பாட்டாவின் மூலைக்கு வந்தால் இலை உப்பைத் தாங்கும், முடிச்சு சிவக்காது, நைட்ரஜன் இல்லாமல் வெளிறும். யூரியா போட்டு ஒப்பேற்றலாம்தான். ஆனால் உரச்செலவு இல்லாமல் ஒரு பயிரும், அடுத்த நெல்லுக்குக் கொஞ்சம் மண்வளமும் என்றுதானே கும்பப்பூவுக்குப் பின்னால் பயறு போடுகிறோம்?

எல்லா ஆய்வையும் இப்படித் தள்ளிவிட முடியாது. முடிச்சையும் சேர்த்து அளந்தவர்கள் இருக்கிறார்கள், எண்ணிக்கைதான் குறைவு. மெக்சிகோவில் ஒரு குழு தலைகீழாக யோசித்தது. செடியைத் தொடாமல் பாக்டீரியாவை மாற்றியது. டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைக் கூடுதலாகச் செய்கிற ரைசோபியத்தை உருவாக்கி பீன்ஸுக்குக் கொடுத்தபோது முடிச்சும் கூடியது, நைட்ரஜன் பிடிப்பும் கூடியது, வறட்சி தாங்குவதும் விளைச்சலும் உயர்ந்தன. 2008ல் வந்த இந்த முடிவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். ஆறிய கஞ்சியில் ரைசோபியம் பொட்டலத்தைக் கலந்து விதையில் புரட்டி நிழலில் உலர்த்துகிற பழக்கம் நம் உழவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. ஆனால் மாற்றிய பாக்டீரியாவை மண்ணில் விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது, அதற்கான அனுமதி செடிக்கு வாங்குவதைவிடச் சிக்கல்.

காசும் சட்டமும்

பயறை உலகிலேயே அதிகம் விளைவிப்பதும் இந்தியா, அதிகம் தின்பதும் இந்தியா, அதிகம் இறக்குமதி செய்வதும் இந்தியா. வெளியே வாங்குகிற உளுந்தில் பெரும்பங்கு மியான்மரிலிருந்து வருகிறது. நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் தோசைக்கு வாங்குகிற உளுந்தில் எது எந்த நாடு என்று பார்த்துச் சொல்ல முடியாது. பேரில் முந்திரி இருந்தாலும் சிறுபயறு இல்லாமல் முந்திரிக்கொத்து இல்லை, புட்டுக்கும் கஞ்சிக்கும் பயறு இல்லாமல் ஆகாது. இவ்வளவு தேவை இருக்கும் பயிருக்கு ஏன் பெரிய கம்பெனிகள் வரவில்லை? உளுந்தும் சிறுபயறும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை. ஒரு முறை வாங்கிய விதையை உழவர் வருடக்கணக்கில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒட்டுரகப் பருத்தி மாதிரி ஆண்டுதோறும் விற்க முடியாது. ஆகவே இந்த வேலை பொது நிறுவனங்கள் தலையில்தான். அவற்றிடம் ஆய்வகம் வரை பணம் இருக்கும், அனுமதிக்கான பல வருடச் சோதனைகளுக்கு இருக்காது.

அனுமதி என்பதும் இங்கே லேசல்ல. 2002ல் பி.டி. பருத்தி வந்தது. 2010ல் பி.டி. கத்தரி நிறுத்திவைக்கப்பட்டது. மரபணு மாற்றிய கடுகுக்கு 2022ல் மதிப்பீட்டுக் குழு பச்சைக்கொடி காட்டியது, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள். பருத்தியைத் தவிர வேறெதுவும் நம் உழவர் வயலில் சட்டப்படி இல்லை. மரபணு மாற்றிய தட்டைப்பயறை 2019ல் ஏற்ற நைஜீரியாவில்கூட அது காய்த்துளைப்பான் புழுவுக்கு எதிரானது, வறட்சிக்கல்ல.

எதிர்ப்பவர்களின் எல்லாக் காரணத்தையும் நான் ஏற்கவில்லை. ஒன்றை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. உளுந்தும் சிறுபயறும் துவரையும் பிறந்த வீடு இந்தியா. அவற்றின் காட்டு உறவுகள் மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் இருக்கின்றன. துவரையில் தேனீ மகரந்தத்தை நன்றாகவே கடத்தும். பூச்சிக்கொல்லியோ களைக்கொல்லியோ சம்பந்தப்பட்ட மரபணு காட்டுச் செடிக்குப் போனால் அங்கே அதற்கு அவ்வளவு பயன் இல்லாமலிருக்கலாம். வறட்சியையும் உப்பையும் தாங்கும் குணம் எந்தக் காட்டுச் செடிக்கும் லாபம்தான், பரவினால் நிற்காது.

இப்போது நடப்பது மரபணுத் திருத்தம். வெளி மரபணு எதையும் சேர்க்காமல், செடியின் சொந்த மரபணுவில் ஒரு இடத்தை வெட்டி மாற்றுவது. இந்த வகையைப் பழைய விதிகளின் கடுமையான பகுதியிலிருந்து 2022ல் இந்தியா விலக்கியது. 2025 மே மாதம் இரண்டு திருத்திய நெல் ரகங்களை அறிவித்தார்கள். அதிலொன்று பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. வறட்சியிலும் உப்பிலும் செடியின் தாங்குதிறனை அடக்கி வைக்கும் மரபணுவைச் செயலிழக்கச் செய்திருக்கிறார்கள். அறிவிப்பில் சொன்ன அளவுக்குக் களச்சோதனைத் தரவு இருக்கிறதா என்று மரபணு மாற்ற எதிர்ப்பு அமைப்புகள் கேட்கின்றன. கேட்க வேண்டிய கேள்விதான். இங்கேயும் முதலில் நெல். கொண்டைக்கடலையிலும் தட்டைப்பயறிலும் திருத்தம் ஆய்வக அளவில்தான் தொடங்கியிருக்கிறது.

மரபணுவைத் தொடாமலே போகிற பாதையும் இருக்கிறது, சத்தமில்லாமல் அதுதான் முன்னால் போகிறது. பக்கத்துக் கேரளத்தின் பொக்காளி நெல்லிலிருந்து உப்பு தாங்கும் பகுதியை அடையாளம் கண்டு, ஒட்டுச்சேர்த்தே மற்ற ரகங்களுக்குக் கொண்டுபோனார்கள். கொண்டைக்கடலையில் நல்ல வேருக்குக் காரணமான பகுதியை ஐ.சி.சி. 4958 என்ற பழைய வகையிலிருந்து இதே முறையில் மாற்றி வந்ததுதான் பூசா கொண்டைக்கடலை 10216. பயறின் சொந்தத்திலேயே கடற்கரை மணலில் படர்கிற விக்னா மரினா என்ற காட்டுக்கொடி இருக்கிறது. வேரிலிருந்து சோடியத்தை வெளியே தள்ளும் மரபணு அதில் உப்பு இல்லாதபோதும் விழித்தே இருக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். கடலோரத்தில் அது வளர்வது உரக் கரைசலில் அல்ல. மணலில் பிழைக்க அதற்கு முடிச்சும் வேண்டும். நான் ஆய்வுக்குப் பணம் ஒதுக்குகிறவனாக இருந்தால் முதலில் அந்தக் கொடியின் வேரைத்தான் அலசிப் பார்க்கச் சொல்வேன்.

இந்த வருடமும் பங்குனியில் மணக்குடிப் பக்கம் போனேன். காயல் மூலையில் உளுந்து இல்லை. பாட்டா அங்கே மட்டும் பெரும்பயறு போட்டிருந்தார். “இது கொஞ்சம் கெட்டி மக்ளே” என்றார். ஒரு செடியைக் கொத்தியெடுத்து வாய்க்காலில் அலசினோம். முடிச்சு நிறைய இல்லை. பிளந்ததில் மூன்றில் இரண்டு உள்ளே ரோஸ் நிறம். மூன்றாவதைப் பாட்டாவே நகத்தால் பிளந்து, வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.